மணி அடித்தால் எழும்புங்கள்: பெனடிக்ட் சபைப் பெண்கள் மடத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே யாராவது கேட்பார்கள்: "அக்கா, நீங்கள் இந்தியாவில ஒரு கன்னியர் மடத்தில தங்கினீங்களாம். எங்களையும் விடுவினமோ?" விடுவார்கள். ஆனால் விடுவதற்கும் அங்கே போய் இருப்பதற்கும் நடுவில் சில சங்கதிகள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் தங்கியது தமிழ்நாட்டில், பெனடிக்ட் சபைப் பெண்துறவிகளின் மடம் ஒன்றில். அம்மாவின் கண்ணைக் காட்டப் போயிருந்தோம். சத்திரசிகிச்சைக்கு நாள் தள்ளிப்போனது. லொட்ஜில் இருந்து காசைக் கரைக்க வழியில்லை. தெரிந்த பாதர் ஒருவர் கடிதம் தந்தார். இலங்கையின் வன்னியில், மாங்குளத்துப் பக்கத்தில் இருந்து போன தாயும் மகளும் அந்தக் கடிதத்தோடு ஆறு நாள் அங்கே இருந்தோம்.

முதலில், இது எந்த மாதிரி மடம் என்று தெரிந்துகொள்ளுங்கள். வன்னியில் சிஸ்டர்மார் என்றால் நமக்குப் பள்ளிக்கூடமும் முன்பள்ளியும் பிள்ளைகள் இல்லமும்தான் ஞாபகம் வரும். இன்று கிளிநொச்சியில் இருப்பார்கள், மூன்று வருடத்தில் மன்னாருக்கு மாற்றமாகிப் போவார்கள். பெனடிக்ட் மடத்தில் சேருகிற பெண் கொடுக்கும் வார்த்தைப்பாடுகளில் ஒன்று, அந்தக் குடும்பத்தோடேயே நிலைத்திருப்பேன் என்பது. சேர்ந்த வீட்டில்தான் கிழவியாவார், அங்கேதான் அடக்கம். சில மடங்கள் பள்ளியோ முதியோர் இல்லமோ நடத்தும். ஆனாலும் நாளின் முதுகெலும்பு செபம்தான். எங்கள் பக்கத்தில் இதற்குக் கிட்ட வருவது யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமம். 1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கியது. அது பெனடிக்ட் சபை அல்ல, என்றாலும் செபமும் கைவேலையுமாக ஓரிடத்தில் இருக்கும் வாழ்க்கை எப்படி என்று அதை வைத்து ஊகிக்கலாம். அங்கே செய்கிற நெல்லிரசத்தைக் குடித்தவர்களுக்கு அந்தக் கைவேலை தெரியும்.

பெனடிக்ட் என்பவர் புதியவரும் அல்ல. நம் பெரியவர்கள் ஆசீர்வாதப்பர் என்று சொல்லுகிற அதே புனிதர். இலங்கைக்கும் அவருடைய ஆட்கள் பழையவர்கள்தான். முத்தையா முரளிதரன் படித்த கண்டி புனித அந்தோனியார் கல்லூரியை 1854இல் தொடங்கியவர்கள் பெனடிக்ட் துறவிகள். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் இருந்துகொண்டு ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்குநூல் ஒன்று இருக்கிறது. 73 அதிகாரம், சின்னப் புத்தகம். விருந்தினரைப் பற்றியது 53ஆம் அதிகாரம். வருகிறவர் யாராக இருந்தாலும் கிறிஸ்துவே வந்ததாக வரவேற்க வேண்டும் என்று தொடங்கும். போகுமுன் அந்த ஒரு அதிகாரத்தை வாசித்துவிட்டுப் போனால் பாதிக் குழப்பம் தீரும்.

கேட்டுவிட்டுப் போங்கள்

விருந்தினரைப் பார்ப்பதற்கென்றே ஒரு சிஸ்டர் இருப்பார். அவருக்கு எழுதுங்கள். எத்தனை பேர், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, என்ன காரணம், நோய் என்ன, எதைச் சாப்பிட மாட்டீர்கள், இவ்வளவும் போதும். குடும்பக் கதை முழுவதும் வேண்டாம். பங்குத்தந்தையின் கடிதம் கட்டாயம் என்றில்லை, ஆனால் தெரியாத இடத்தில் அது ஒரு பிடிமானம். ஆண்கள் கூட வருவதென்றால் அதையும் அப்போதே கேளுங்கள். பல மடங்களில் அவர்களுக்கும் இடம் உண்டு, சிலவற்றில் இல்லை. தங்குவதற்கு எவ்வளவு கொடுப்பது வழக்கம் என்பதையும் கூச்சப்படாமல் எழுதிக் கேட்டுவிடுங்கள். புறப்படுகிற காலையில் வாசலில் நின்று கேட்பதைவிட அது நூறு மடங்கு நல்லது.

பதில் உடனே வராது. போன் அடித்தாலும் எடுக்காத நேரம் அதிகம். செபத்திலோ சாப்பாட்டிலோ இருப்பார்கள். "பெரிய ஆக்கள், எடுக்கினமில்லை" என்று கோபிக்க வேண்டாம்.

நாள் கிடைத்த பிறகு பயணம். பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது, காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். கப்பல் மாரியில் நின்றுவிடும், விமான நேரமும் மாறும். ஆகவே மடத்துக்குச் சொன்ன நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது என்றால் வழியில் இருந்தே அறிவியுங்கள். கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் இரண்டு பிரதி எடுத்துவையுங்கள். வெளிநாட்டவரைத் தங்கவைக்கிறவர்கள் 24 மணித்தியாலத்துக்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது இந்தியச் சட்டம். மடத்துக்கும் அது பொருந்தும்.

பையில் என்ன

சேலை, சுரிதார், எதுவானாலும் சரி. நடக்கும்போது சத்தம் போடாத செருப்பு ஒன்று அவசியம். அந்த நீளமான விறாந்தையில் என் செருப்பு போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மருந்துகளைக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன டோர்ச்சும் வேண்டும்.

வெறுங்கையோடு போக நமக்கு மனம் வராது. பனங்கட்டிக் குட்டானும் புழுக்கொடியலும் கொண்டுபோனோம். அது சரிதான். பிழை எங்கே விட்டேன் என்றால், எங்களுக்குத் தேத்தண்ணி தந்த இளம் சிஸ்டரில் பிரியப்பட்டு, மூன்றாம் நாள் அவருடைய கையில் ஒரு சேலைத்துண்டைத் திணித்தேன். அந்தப் பிள்ளை வாங்கவும் மாட்டாமல் விடவும் மாட்டாமல் நின்றது. அவர்களுக்கு எதுவும் சொந்தமாக இல்லை. தாய் தகப்பன் அனுப்பினாலும் மடத்துத் தலைவியான மதரிடம் காட்டாமல் வாங்கக்கூடாது, அவர் அதை வேறு ஒருவருக்குக் கொடுத்தாலும் முகம் வாடக்கூடாது என்று ஒழுங்குநூலிலேயே இருக்கிறது. கொடுப்பதை விருந்தினர் சிஸ்டரிடம், "எல்லாருக்கும்" என்று சொல்லிக் கொடுங்கள்.

வாசலில்

நம் வீட்டுப் படலையில் யாராவது கூப்பிட்டால் முதலில் நாய் குரைக்கும். பிறகு உள்ளே இருந்து "ஆரது?" என்று ஒரு குரல். பெனடிக்ட் மடத்து வாசலுக்கு ஒழுங்குநூல் சொல்லுகிற பதில் வேறு. தட்டுகிற சத்தம் கேட்டதும், யார் என்று பார்க்குமுன்னமே, "இறைவனுக்கு நன்றி" என்று சொல்ல வேண்டும். வாசல் காக்கிறவர் வயதும் புத்தியும் உள்ளவராக, ஊர் சுற்றாதவராக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்களுக்குக் கதவு திறந்த சிஸ்டருக்கு எழுபது தாண்டியிருக்கும். முழங்கால் வருத்தத்தோடு மெல்ல வந்தார். நன்றியை வாய்விட்டுச் சொன்னாரோ தெரியாது, முகத்தில் இருந்தது.

கடவுச்சீட்டுப் பிரதியை வாங்கினார். தண்ணீர் தந்தார். சிற்றாலயத்தில் ஒரு நிமிடம் செபித்துவிட்டு அறையைக் காட்டினார். அவ்வளவுதான். எந்த ஊர், என்ன நடந்தது, வீட்டில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர், ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. "என்ன இது, ஒண்டும் விசாரிக்கினமில்லை" என்றார். இரவு கட்டிலில் கிடந்துகொண்டு வேறு மாதிரிச் சொன்னார்: "விசாரிக்காமல் விட்டதும் நல்லதுதான்." 2009க்குப் பிறகு எத்தனை மேசைக்கு முன்னால் நின்று எத்தனை படிவத்துக்குப் பெயர் சொல்லியிருப்பார். நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை.

பேச்சைப் பற்றி இன்னொன்று. விறாந்தையில் எதிர்ப்படுகிற சிஸ்டர்மார் தலை குனிந்து சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அது பெருமை இல்லை. விருந்தினரோடு நின்று கதைப்பது அதற்கென்று உள்ளவரின் வேலை, மற்றவர்கள் பணிவாக வணங்கிவிட்டுத் தாண்டிப் போக வேண்டும் என்பது பழைய ஒழுங்கு. இல்லாவிட்டால் வருகிற போகிற ஆட்களோடு கதைத்தே அவர்களுடைய நாள் போய்விடும். கதைக்க வேண்டும் போல இருந்தால் விருந்தினர் சிஸ்டரிடம் நேரம் கேளுங்கள். உட்கார்ந்தார் என்றால் அவரைப்போலக் கேட்கிறவர் இல்லை. "இதற்கு அப்பால் வேண்டாம்" என்று ஒரு கதவில் எழுதியிருக்கும். அதற்கு அப்பால் அவர்களுடைய வீடு, எட்டியும் பார்க்க வேண்டாம்.

மணி

இதுதான் முக்கியம்.

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வீடு நின்றுவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறவர் மிசினை நிற்பாட்டுவார், படிக்கிற பிள்ளை கடைக்கு ஓடும், கோழி ஒன்றின் கதை முடியும். அதைத்தான் நாம் மரியாதை என்று நினைக்கிறோம். மடம் உங்களுக்காக நிற்காது. ஆசீர்வாதப்பர் இதை நன்றாக யோசித்திருக்கிறார். விருந்தினர் நேரம் காலம் தெரியாமல் வருவார்கள், மடத்தில் அவர்களுக்குக் குறைவே இல்லை, ஆகவே வீட்டின் ஒழுங்கு குலையாமல் இருக்க விருந்தினருக்குத் தனிச் சமையலறை, அதற்கு இரண்டு பேர் ஒரு வருடப் பொறுப்பு, என்று எழுதிவைத்தார். எங்கள் முகம் பார்த்து அவர்கள் நேரத்தை மாற்றுவதில்லை. நாங்கள்தான் அவர்களுடைய நேரத்துக்குள் போய் உட்கார வேண்டும்.

நாங்கள் இருந்த இடத்தில் காலை நாலே முக்காலுக்கு முதல் மணி. ஐந்துக்குச் செபம், பிறகு அமைதி, ஆறரைக்குப் பூசை. மத்தியானம் ஒரு சின்னச் செபம், மாலை ஆறுக்கு ஒன்று, எட்டுக்கு இரவுச் செபம். மடத்துக்கு மடம் இது மாறும், அறைக் கதவின் பின்னால் ஒட்டியிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் போக வேண்டுமா? தேவையில்லை. ஒருவரும் ஆள் எண்ணுவதில்லை. களைப்பு என்றால் படுங்கள். ஆனால் ஒரு நாளாவது முதல் மணிக்கு எழும்பிப் போய்ப் பாருங்கள். போவதென்றால் மணி அடித்த பிறகு முகம் கழுவ ஓடாமல், அடிக்குமுன்னமே போய் இருங்கள்.

புத்தகத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூன்று நான்கு நிற நாடாக்கள் தொங்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. பக்கத்தில் இருக்கிற சிஸ்டர் விரித்துத் தருவார். ஒரு வாரத்தில் பைபிளில் உள்ள 150 திருப்பாடலையும் பாடி முடிப்பதுதான் ஆசீர்வாதப்பர் வகுத்த முறை. இப்போது பல வீடுகளில் அதை இன்னும் கூடிய நாட்களுக்குப் பிரித்துவைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு அடி பாடுவார்கள், அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் அடுத்த அடி. அடியின் நடுவில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கும். அங்கே நிற்க வேண்டும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற அளவுக்கு, எல்லாரும் சேர்ந்து, வெறுமனே நிற்பார்கள்.

அம்மா நின்றாரா? எங்கள் ஊரில் செபமாலை சொல்லுகிற வேகம் தெரியும்தானே. முன்னாலே சொல்லுகிறவர் தன் பாதியை முடிக்குமுன் பின்னால் உள்ளவர்கள் "அர்ச்சிஷ்ட" என்று தொடங்கி ஆமென் சொல்லி முடித்திருப்பார்கள். அதே வேகத்தில் அம்மா திருப்பாடலுக்குள் இறங்கினார். எல்லாரும் குறியில் நிற்க, அம்மாவின் குரல் மட்டும் தனியாக அடுத்த வரிக்குள் போய்விட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் அம்மா வாயைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் குறியில் நின்றார். தெரியாவிட்டால் முதல் நாள் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். அதுவும் செபம்தான்.

சாப்பாட்டு மேசையில் மூன்று தரம் கேட்க மாட்டார்கள்

சாப்பிடும்போது பேச்சு இல்லை. ஒரு சிஸ்டர் ஒரு புத்தகத்தை வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். உப்பு வேண்டுமென்றால் கையைக் காட்டினால் போதும். எல்லா நாளும் எல்லா மடமும் இப்படியில்லை, பெருநாளில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். விருந்தினருக்குத் தனி மேசை போடுகிற வீடுகளும் உண்டு.

பரிமாறுவது முறை வைத்து. கோயில் திருவிழாவுக்கு நம் ஊரில் முறைக்காரர் இருப்பதுபோல, இங்கே சமையலும் பரிமாறலும் வாரத்துக்கு வாரம் மாறும். நோயாளிகள் தவிர யாருக்கும் பெரிதாக விலக்கு இல்லை. படித்தவர், பணக்கார வீட்டுப் பிள்ளை என்ற கணக்கு செல்லாது. மூத்தவர் இளையவர் என்பதும் வயதால் அல்ல, எந்த நாளில் மடத்துக்குள் வந்தார் என்பதால். காலையில் வந்தவருக்கு மத்தியானம் வந்தவர் இளையவர். கலியாண வீட்டில் எந்தப் பந்தியில் யார் என்று சண்டை பிடிக்கிற நம் ஆட்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

எழுதப்படாத பாடம் ஒன்று இருக்கிறது, அதில்தான் அம்மா மாட்டினார். நம் வீட்டில் "இன்னும் கொஞ்சம் போடட்டோ" என்றால் முதல் தரம் "வேண்டாம்", இரண்டாம் தரம் "ஐயோ போதும்", மூன்றாம் தரம் கோப்பை தானாக முன்னால் வரும். அங்கே சிஸ்டர் சாம்பார் வாளியோடு வந்து கரண்டியைக் காட்டினார். அம்மா பண்போடு தலையை ஆட்டினார். வாளி அடுத்த ஆளிடம் போய்விட்டது. திரும்பி வரவில்லை. பொரியலும் அப்படியே போனது. அன்று பின்னேரம் நாங்கள் கொண்டுபோன புழுக்கொடியலில் கொஞ்சத்தை அம்மா அறையில் இருந்து கடித்துக்கொண்டிருந்தார். பசித்தால் முதல் தரமே "ஓம்" என்று சொல்லுங்கள். உங்கள் "வேண்டாம்" என்ற சொல்லை அங்கே அப்படியே நம்புகிறார்கள்.

மற்றபடி சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு கறி ஒத்துக்கொள்ளாதவர் மற்றதைச் சாப்பிடட்டும் என்று இரண்டு சமைத்த கறி வைக்கச் சொல்லுகிறது ஒழுங்குநூல். நீரிழிவு, பிரஷர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். இறைச்சி எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

கைவேலை

இரண்டாம் நாள் காலை, "நான் ஏதாவது செய்யட்டுமா சிஸ்டர்?" என்று ஒருதரம் கேளுங்கள். மரக்கறி வெட்டவோ துணி மடிக்கவோ தருவார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குசினிக்குள் புகுந்து பறித்துச் செய்யக்கூடாது. தந்த சாமானை எடுத்த இடத்தில், கழுவித் துடைத்து வையுங்கள். மடத்துச் சாமான் எல்லாவற்றையும் பீடத்துப் பாத்திரம்போலப் பார்க்க வேண்டும் என்று ஒழுங்குநூலில் ஒரு வரி உண்டு. தோட்டத்தில் எனக்கு மண்வெட்டி தந்தார்கள். வேலை முடிந்ததும் ஒரு வயதான சிஸ்டர் அதை வாங்கி, தேங்காய்ப் பொச்சால் மண்ணைத் தேய்த்து, எண்ணெய்த் துணியால் ஒருதரம் துடைத்து, ஆணியில் மாட்டினார். வரம்பிலேயே மண்வெட்டியைக் குத்திவிட்டு வருகிற வீட்டில் பிறந்தவள் நான். பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரவுச் செபத்தோடு பேச்சு முடிந்தது. விடியும் வரை அமைதி. பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி வட்ஸ்அப்பில் ஜெர்மனிக்குக் கதைக்க வேண்டாம். வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை ஏழு மணிக்கே சொல்லி முடியுங்கள். உடம்புக்கு வருத்தம் வந்தால் மட்டும் தயங்காமல் கதவைத் தட்டுங்கள்.

எங்கள் அறைச் சுவரில் ஒரு படம் இருந்தது. மலை உச்சியில் ஒரு பெரிய கட்டிடம், மொந்தே கசினோ, ஆசீர்வாதப்பர் கட்டிய மடம். இரண்டாம் உலகப் போரில், 1944 பெப்ரவரி 15 அன்று குண்டுபோட்டுத் தரைமட்டமாக்கினார்கள். உள்ளே ஊர்ச்சனம் அடைக்கலம் புகுந்திருந்தது. சிஸ்டர் இதைச் சொன்னபோது அம்மா, "எங்கட மடுவும் அப்பிடித்தான்" என்றார், 1999இல் மடு மாதா கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தின்மேல் ஷெல் விழுந்ததை நினைத்து. கசினோ மடத்தைத் திரும்பக் கட்டி 1964இல் அர்ச்சித்தார்கள். வெட்டினாலும் தளிர்க்கும் என்பது அந்த மடத்தின் வாசகமாம். நம் பனைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, தலை போனால் போனதுதான். சரி, அது வேறு கதை.

புறப்படும்போது

படுக்கை விரிப்பைக் கழற்றி மடித்து வையுங்கள். அறையைக் கூட்டுங்கள். காசை உறையில் போட்டு விருந்தினர் சிஸ்டரிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் அதற்கென்று உள்ள பெட்டியில் போடுங்கள். குறைவாகத்தான் முடியும் என்றால் குறைவாகவே கொடுங்கள், அதற்காகக் கூசிக்கொண்டு நிற்காதீர்கள். 53ஆம் அதிகாரத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்: ஏழைகளையும் யாத்திரிகரையும் இன்னும் கூடிய கவனத்தோடு ஏற்க வேண்டும், பணக்காரருக்கு எப்படியும் மரியாதை கிடைத்துவிடும், அவர்கள்மேல் உள்ள பயமே அதை வாங்கித் தந்துவிடும். 1500 வருடத்துக்கு முந்தைய ஆள் இவ்வளவு பச்சையாக எழுதியிருக்கிறார்.

துறவியாகச் சேருகிற எண்ணத்தோடு போகிற பிள்ளைகளுக்கு ஒன்று. சேர்க்க ஆள் பிடிக்கிற இடம் இல்லை அது. வருகிறவரை எளிதில் உள்ளே விடாதே, நாலைந்து நாள் கதவைத் தட்டட்டும் என்பதுதான் பழைய விதி. இன்றும் முதலில் நவதுறவு என்கிற பயிற்சிக் காலம், பிறகு சில வருடத் தற்காலிக வார்த்தைப்பாடு, அதன்பிறகுதான் நிரந்தரம். விருந்தாளியாக இரண்டு மூன்று முறை போய்வந்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள்.

அவர்கள் நம் வீட்டுக்கு வந்தால்

அதுவும் நடந்தது. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு வந்த இரண்டு சிஸ்டர்மார், போகிற வழியில் எங்கள் வீட்டில் ஒரு இரவு தங்கினார்கள். அம்மா இரண்டு நாளுக்கு முன்னமே முற்றத்தை மெழுகுவிக்கத் தொடங்கிவிட்டார். வந்தவர்கள் கால் கழுவிக்கொண்டு முதலில் கேட்டது, "ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு அம்மா?" எங்கள் வீட்டில் அப்படி ஒரு மணி இருந்ததே இல்லை. அம்மா யோசித்து, "ஏழு" என்றார். அதற்குப் பிறகு அந்த ஏழைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாடு வேறு.

இப்படி யாராவது வந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செபம் சொல்ல ஒரு அமைதியான மூலை காட்டிவிடுங்கள். நேரம் ஒன்றைச் சொல்லி அதைக் காப்பாற்றுங்கள். வேலை செய்ய வந்தால் தடுக்காதீர்கள். விடிய ஐந்தரைக்கு ஒரு சிஸ்டர் விளக்குமாற்றோடு முற்றத்தில் நின்றதைப் பார்த்து அம்மா பதறிப்போனார். "சிஸ்டர், விடுங்கோ, சனம் பாத்தால் எங்களை என்ன நினைக்கும்!" அவர் சிரித்துக்கொண்டு கூட்டி முடித்து, விளக்குமாற்றைத் தட்டி, எடுத்த மூலையிலேயே சாத்திவைத்தார்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. குரக்கன் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் எருமைத் தயிரும். அம்மா கறிச்சட்டியோடு வந்து, மடத்தில் பட்ட பாடத்தை நினைத்து, ஒரே ஒரு தரம் கேட்டார்: "சிஸ்டர், இன்னும் கொஞ்சம்?" மூத்த சிஸ்டர், "போதும்மா" என்றார். அம்மா சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து சிஸ்டர் வெறும் புட்டைப் பிசைந்தபடி என்னிடம் மெல்லக் கேட்டார்:

"இலங்கையில மூணு தடவை கேப்பாங்கன்னு சொன்னாங்களே?"